மலை வேட்டைக்கான முதுகுப்பை: ரைபிளைக் கையில் பிடிக்காமல் சுமப்பது எப்படி?

நெடுவழி

வணக்கம். சாலையை விட்டு வெகுதூரம் நடந்து, மலையிலேயே சில இரவுகள் தங்கி மான் வேட்டையாடுவதற்கு ஏற்ற முதுகுப்பை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என்னுடைய ரைபிள் சாதாரண போல்ட் வகை; ஒவ்வொரு முறையும் போல்ட் என்னும் தாழைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்ற வேண்டும். ஸ்கோப்புடன் சேர்த்து 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நீளம் ஏறத்தாழ 110 செ.மீ. சிறிய பையோடு சென்றவரை, தோளில் மாட்டும் ஸ்லிங்கே போதுமானதாக இருந்தது. பெரிய பையை முதுகில் ஏற்றியதும் அந்த ஏற்பாடு கெட்டுவிட்டது. பஞ்சு வைத்த தோள்பட்டையின் மேல் ஸ்லிங் நிற்பதில்லை. வழுக்கி முழங்கைக்கு வந்துவிடுகிறது. அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு கை தேவைப்படுகிறது. நான் இரண்டு நடைக்கோல்களை ஊன்றி நடப்பவன் என்பதால், செங்குத்தான இறக்கங்களில் ஒரு கையை இழப்பது முழங்காலுக்கும் நல்லதல்ல.

பையின் பக்கவாட்டில் கட்டுவது, பைக்குள்ளேயே உறை அமைந்த மாதிரியை வாங்குவது, இடுப்புப் பட்டையில் அடிக்கட்டையை (தோளில் பதியும் ரைபிளின் பின்பகுதியை) நிறுத்தும் கிண்ணத்தைப் பொருத்துவது என மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. இவற்றில் எதைத் தேர்வது, அதற்கு எவ்வளவு கொள்ளளவுள்ள பை பொருந்தும் என்பதைப் பயன்படுத்தியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கல்மேடு

நெடுவழி அவர்களே, கொள்ளளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரைபிள் உங்கள் கைக்கு எவ்வளவு நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு விடை கிடைத்துவிட்டால், எந்தச் சுமக்கும் முறை என்பதும், அதன்வழி எந்தப் பை என்பதும் பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும்.

திறந்த மலைச்சரிவில் வேட்டையாடுபவரின் நாள் பெரும்பாலும் ஒரு முகட்டிலிருந்து இன்னொரு முகட்டுக்கு நடப்பதிலும், அமர்ந்து பைனாகுலரால் எதிர்ச்சரிவைத் துழாவுவதிலும் கழிகிறது. விலங்கு நெடுந்தொலைவில் தென்பட்டு, காற்றின் திசை பார்த்து, மறைவாக நெருங்கிய பிறகுதான் ரைபிளுக்கு வேலை வருகிறது. அங்கே அது பையோடு இறுகக் கட்டப்பட்டிருந்தாலும் எதுவும் கெட்டுவிடாது. பையை இறக்கி, அதையே குழலுக்குத் தாங்கலாக வைத்துப் படுத்துக்கொள்ள எப்படியும் நேரம் இருக்கும். அடர்ந்த காட்டிலோ நிலைமை வேறு. நாற்பது மீட்டருக்குள் மான் எழுந்து ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மறையும் இடத்தில், பக்கிளைக் கழற்றிக்கொண்டிருப்பவருக்கு அதன் வாலைக் காண்பது மட்டுமே மிச்சம்.

பக்கவாட்டில் கட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன், நான் அதையே பயன்படுத்துகிறேன். பையின் கீழ்ப்பக்கத்தில் உள்ள ஆழமான பையறையிலோ தனியாகப் பொருத்திய, காலணி போன்ற துணி உறையிலோ அடிக்கட்டையை நிறுத்தி, குழலை மேல்நோக்கி வைத்து, பையை இறுக்கும் பக்கப் பட்டைகள் இரண்டால் கட்டிவிடுவதுதான் இம்முறை. தனியான கருவி எதுவும் தேவையில்லை, ரைபிள் அசைவதில்லை, கைகள் இரண்டும் முழுமையாக விடுபடுகின்றன. இதன் குறைகளில் முதலாவது, 4 கிலோ எடை ஒரு பக்கமாக, அதுவும் முதுகெலும்பிலிருந்து விலகி நிற்பது. மறுபக்கத்தில் தண்ணீரையும் முக்காலியையும் வைத்து ஈடுசெய்யாவிட்டால், மாலைக்குள் ஒரு பக்க இடுப்பு அதைச் சொல்லிவிடும். இரண்டாவது, 110 செ.மீ. நீளமுள்ள ரைபிளின் முனை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே குனிந்து செல்லும்போது நாம் தப்பிவிடுவோம், குழல் மாட்டிக்கொள்ளும். அடிக்கட்டையை எவ்வளவு தாழ்வாக இறக்க முடியுமோ அவ்வளவுக்கு நல்லது. ஆனால் மிகவும் இறக்கினால் அமரும்போது அது தரையில் இடிக்கும். ஆகவே கணுக்காலுக்கு மேல், தொடையின் நடுப்பகுதிக்கு அருகே நிறுத்துவது நடைமுறையில் பொருந்துகிறது.

ஸ்கோப் வெளிப்பக்கம் பார்க்குமாறு வையுங்கள். பையின் சட்டகக் குழாயோடு அது உரசிக்கொண்டே வந்தால், குறியைத் திருத்தும் அதன் சுழல்முகப்பு நகர்ந்து குறி தவறிப்போக வாய்ப்பு உண்டு. மூடியில்லாத சுழல்முகப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

பனிச்சரிவு

கல்மேடு கூறிய பகுப்பை ஏற்கிறேன். ஆனால் பெரும்பாலான மலைகளில் இந்த இரண்டு நிலங்களும் ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன. காலையில் காட்டைக் கடந்துதான் திறந்த முகட்டுக்கு ஏற வேண்டும். அந்தக் காட்டிலேயே மான் நிற்காது என்று யாரும் உறுதி தரவில்லை. இதனால்தான் இடுப்புக் கிண்ணத்தை நான் பரிந்துரைக்கிறேன். கிஃபாரு நிறுவனத்தின் ‘கன் பேரர்’ என்னும் அமைப்பு இவ்வகையில் பலரும் அறிந்தது. இதே கருத்தில் வேறு நிறுவனங்களும் செய்கின்றன.

அதன் இயக்கம் எளிமையானது. சட்டகத்தின் அடியிலோ இடுப்புப் பட்டையிலோ தொங்கும் ஒரு கிண்ணத்தில் அடிக்கட்டை நிற்கிறது. தோள்பட்டையிலிருந்து வரும் ஒரு குறுகிய பட்டை குழலின் கீழ்ப்பகுதியையோ முன்கட்டையையோ சுற்றிப் பிடிக்கிறது. ரைபிளின் எடை தோளில் தொங்காமல் இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. மேல் பட்டையை ஒரே இழுப்பில் விடுவித்து, அடிக்கட்டையைக் கிண்ணத்திலிருந்து தூக்கினால் ரைபிள் கையில் இருக்கும். பையை இறக்க வேண்டியதில்லை, உடலைப் பெரிதாக அசைக்க வேண்டியதும் இல்லை. விலங்கு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் இந்தக் குறைந்த அசைவு வேகத்தைவிட மதிப்புள்ளது என்று நான் நினைக்கிறேன்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். ரைபிள் உள்ள பக்கத்தில் கை வீசி நடப்பது தடைப்படுகிறது. நடைக்கோலைச் சற்று அகற்றி ஊன்றப் பழகிக்கொள்ள வேண்டும். உயரமான பாறையில் கால் தூக்கி ஏறும்போது தொடை அடிக்கட்டையில் இடிக்கும். பையை இறக்குவதற்கு முன் ரைபிளைத் தனியே எடுத்துவிட வேண்டும் என்பதால், இளைப்பாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலை கூடுகிறது. உயரம் குறைந்தவர்களுக்கும் நீண்ட குழல் உள்ள ரைபிளுக்கும் இம்முறை அவ்வளவாகப் பொருந்துவதில்லை. குழல்முனை முகத்துக்கு அருகே ஆடிக்கொண்டிருப்பது எரிச்சலூட்டும்.

தோல்வார்

இவ்வளவு கருவிகளுக்குப் போகும் முன் ஒரு சிறு பொருளைக் குறிப்பிட விரும்புகிறேன். ஸ்லிங் வழுக்குவதுதான் நெடுவழியின் முதன்மையான குறை என்றால், தோள்பட்டையின் உச்சியில் மாட்டும் கொக்கி ஒன்றே அதைத் தீர்த்துவிடும். பட்டையின் மேல் ஒரு விரல் நீளத்துக்கு எழுந்து நிற்கும் கெட்டியான நாக்கு அது. ஸ்லிங் அதற்கு உட்புறமாகக் கிடப்பதால் வெளியே வழுக்காது. எடை தோளில்தான் இருக்கும், ரைபிள் ஓரளவு ஆடத்தான் செய்யும். ஆயினும் மிதமான நிலத்தில் இரு கைகளும் விடுபடுகின்றன. தோளைச் சற்றுத் தூக்கி ஸ்லிங்கை எடுத்தால் ரைபிள் கையில். சில கிராம் எடையுள்ள இதை முயன்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லலாம்.

வடகாற்று

பைக்குள் அமைந்த உறையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. இதில் பெயர் பெற்றது எபர்ல்ஸ்டாக். அதை நிறுவிய கிளென் எபர்ல் 1984ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக பயத்லான் போட்டியில் பங்கேற்றவர் என்பது இங்கே பொருத்தமான செய்தி. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் இணைந்த அந்த விளையாட்டில், குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள ரைபிளை இரு தோள்பட்டைகள் கொண்ட கச்சையில் முதுகோடு ஒட்டிச் சுமந்துகொண்டு, இரு கைகளாலும் கோல்களை ஊன்றி முழு வேகத்தில் செல்கிறார்கள். கைகள் விடுபட்டிருக்க வேண்டும், ரைபிள் ஆடக் கூடாது, சுடுமிடம் வந்ததும் உடனே கைக்கு வர வேண்டும் என்ற மூன்று தேவைகளும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. எடை முதுகெலும்புக்கு நேராகவும் உடலோடு ஒட்டியும் இருந்தால்தான் வேகமாக நகரும் உடல் தடுமாறாது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை.

உறையுள்ள பையில் ரைபிள் முதுகுக்குப் பின்னே நடுவில், குழல்முனை கீழ்நோக்கி இறங்கி நிற்கும். அடிக்கட்டை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் மூடி உண்டு. மழை, பனி, முட்கிளை எதுவும் ஸ்கோப்பைத் தொடாது. ஆனால் உறையின் துணியும் பஞ்சும் சேர்ந்து பையின் எடையைக் கூட்டுகின்றன. பையின் நடுவே ஒரு சுரங்கம் ஓடுவதால் பொருள்களை அடுக்கும் இடமும் குறைகிறது. நெடுந்தொலைவு நடந்து, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து காத்திருப்பவருக்கு இது சிறந்தது. நடந்துகொண்டே வேட்டையாடுபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தனியாக இருந்தால் பையை இறக்காமல் ரைபிளை உருவுவது கடினம்.

பெரிய பை தேவைப்படாத நாள்களுக்கு, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் வேட்டைக்காரர்கள் முதுகுப்பையைப் போலவே இரு தோள்களிலும் மாட்டும் ஸ்லிங்கைப் பயன்படுத்துகிறார்கள். நிகெலோ நிறுவனம் செய்யும் நியோபிரீன் பட்டைகள் இதற்கு எடுத்துக்காட்டு. நார்வேயின் வோர்ன் நிறுவனமோ, பையை முதுகிலிருந்து இறக்காமலேயே ரைபிளைக் கீழ்ப்புறமாக விடுவித்து எடுக்கும் வகையில் தன் பைகளை அமைத்திருக்கிறது. உறையின் பாதுகாப்பும் கிண்ணத்தின் விரைவும் ஒன்றாக வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

ஓடைக்கரை

நண்பர்களே, விரைவையும் வசதியையும் பற்றி இவ்வளவு பேசிய பிறகும் குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடமான தோட்டா அறையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லையே! கையில் பிடித்திருக்கும் ரைபிளின் குழல்முனை எங்கே பார்க்கிறது என்பது நமக்குத் தெரியும். உடனே திருப்பவும் முடியும். பையோடு கட்டிய ரைபிளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது நம் முதுகு பார்க்கும் இடத்தையெல்லாம் பார்க்கும். குழல் மேல்நோக்கி இருக்கிறது என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பவர், காலணிக் கயிற்றைக் கட்டுவதற்காக ஒருமுறை குனிந்து பார்க்கட்டும்: குழல்முனை முன்னே நிற்கும் தோழரின் முதுகுக்கு நேராக வந்துவிடும். குழல் கீழ்நோக்கிய உறையிலோ, மேட்டில் ஏறும்போது பின்னால் வருபவரின் பக்கம் முனை திரும்பும்.

ஆகவே கை விலகிய நொடியிலிருந்து தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும். மேகசினில், அதாவது அடுத்தடுத்த தோட்டாக்களை வைக்கும் கூட்டில், தோட்டாக்கள் இருக்கலாம், அறையில் கூடாது. சேஃப்டி போட்டிருக்கிறேன் என்பது இதற்கு மாற்றாகாது, ஏனெனில் அது இயந்திரம். கிளையும் பட்டையும் பக்கிளும் உரசி அது நகர்ந்துவிடும். போல்ட் கைப்பிடியும் அப்படியே தூக்கிக்கொள்ளும். வின்செஸ்டர் மாடல் 70, மவுசர் 98 போன்றவற்றில் உள்ள மூன்று நிலைச் சேஃப்டி கடைசி நிலையில் போல்ட்டையும் பூட்டிவிடுவதால், பையில் கட்டிச் செல்வதற்கு அது வசதியானது. உங்கள் ரைபிளில் அந்தப் பூட்டு இல்லையென்றால், போல்ட் கைப்பிடி உடலின் பக்கமாகவோ ஒரு பட்டையின் அடியிலோ வருமாறு கட்டுங்கள். கழற்றக்கூடிய மேகசின் என்றால் அதன் விடுவிப்புப் பொத்தானையும் கவனியுங்கள்; இடுப்புப் பட்டையில் உரசி உரசியே அது வழியில் விழுந்துவிடக்கூடும்.

குழல்முனை மேல்நோக்கியிருந்தால் மழைநீரும் பனியும் ஊசியிலைகளும் உள்ளே இறங்கும். முனையின் மேல் ஒரு துண்டு மின்சார டேப்பை ஒட்டிவிட்டால் போதும். சுடும்போது தோட்டாவுக்கு முன்னே தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும், குறியும் மாறாது. ஆனால் குழலுக்குள் எதையும் செருகக் கூடாது. அடைப்புள்ள குழலில் சுட்டால் குழல் வெடிக்கும்.

பனிச்சரிவு

ஓடைக்கரை சொன்னது அத்தனையும் சரி. கிண்ணத்தில் நிற்கும் ரைபிளும் கையில் உள்ள ரைபிள் அன்று. நானும் அறையைக் காலியாகவே வைத்திருக்கிறேன். ரைபிளை எடுத்து உயர்த்தும்போதே போல்ட்டை இயக்கப் பழகிவிட்டால் அதனால் இழக்கும் நேரம் மிகக் குறைவு. மெதுவாக இயக்கினால் ஓசையும் அதிகம் எழாது.

கல்மேடு

இனிப் பைக்கு வருவோம்.

வேட்டைப் பையும் மலையேறுபவரின் பையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகத் தோன்றினாலும், வேட்டைப் பை இரண்டு வேறுபட்ட சுமைகளுக்காகச் செய்யப்படுவது. போகும்போது கூடாரம், உறங்கும் பை, உணவு என 20 கிலோ அளவில் இருக்கும் சுமை, வேட்டை வாய்த்தால் திரும்பும்போது 40 கிலோவைத் தாண்டலாம். எல்க் என்னும் மிகப் பெரிய மான் வகையில் பெரிய ஆண் ஒன்றின் எலும்பு நீக்கிய இறைச்சியே 80 கிலோவுக்கு மேல் போகும் என்பதால், அதை ஒரே நடையில் கொண்டுவர யாரும் நினைப்பதில்லை. சிறிய மான் என்றால் ஒருவரால் ஒரே நடையில் முடியும். எனவே பையின் துணியைவிட, அதைத் தாங்கும் சட்டகத்துக்குத்தான் முதல் மதிப்பெண் தர வேண்டும்.

இன்று நல்ல வேட்டைப் பைகள் பலவற்றில் துணிப்பையைச் சட்டகத்திலிருந்து விலக்கி, இரண்டுக்கும் இடையே இறைச்சியை வைத்துக் கட்டும் வசதி உண்டு. சுமைத்தட்டு என்று அதை அழைக்கிறார்கள். மிகக் கனமான பொருள் முதுகை ஒட்டி நிற்பதும், இரத்தம் கசியும் இறைச்சி உறங்கும் பையோடு கலக்காமல் இருப்பதும் இதன் இரு பயன்கள். இந்த வசதி இருந்தால் 90 லிட்டர் பையை வாங்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. சில இரவுகள் தங்குவதற்கு 65 முதல் 80 லிட்டர் வரை போதும். குளிர் மிகுந்த பருவத்தில், பருத்த உடைகளையும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தால் 100 லிட்டர் வரை போகலாம். பல நிறுவனங்கள் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிப்பிடுகின்றன. 1000 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 16.4 லிட்டர். பெரிய பையைப் பகலில் சுருக்கி இறுக்கிக்கொள்ளலாம். சிறிய பையை நீட்ட முடியாது. ஆயினும் பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு பொருந்துவதே எல்லாவற்றையும்விட முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரையுள்ள நீளத்தை அளந்து, அதற்கேற்ற சட்டகத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் உயரம் இதைக் காட்டாது. ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் விளிம்பைக் கவ்வி நிற்க வேண்டும். தோள்பட்டையின் மேற்புறத்திலிருந்து சட்டகத்துக்குச் செல்லும் சிறு இழுபட்டைகள், சுமை ஏறிய பிறகும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். 45 பாகைக்கு அருகில் இருந்தால் நல்லது. அவை கிடையாகக் கிடந்தால் சட்டகம் உங்களுக்குக் குட்டை. கனம் கூடியதும் முழுச் சுமையும் தோளில் விழும்.

இதை ஏன் இங்கே நீட்டி எழுதுகிறேன் என்றால், ரைபிளைச் சுமக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சட்டகத்தையே நம்பியிருக்கிறது. கடைகளில் ரைபிள் தாங்கி எந்தப் பைக்கும் பொருந்தும் என்று சொல்லப்படுகிறது. ஆனால் இடுப்புப் பட்டை மெல்லியதாகவும் சட்டகம் தளர்வாகவும் உள்ள பையில் கிண்ணத்தைப் பொருத்தினால், 4 கிலோ எடை பட்டையை ஒரு பக்கமாக முறுக்கிக் கீழே இழுக்கும். டிக் கெல்டி 1952இல் அலுமினியச் சட்டகப் பைகளைச் செய்யத் தொடங்கியதிலிருந்து, சுமையை இடுப்புக்கு இறக்குவதே இந்தத் தொழிலின் அடிப்படையாக இருந்துவருகிறது. கார்பன் இழையில் செய்த இன்றைய சட்டகங்கள் அதே வேலையைக் குறைந்த எடையில் செய்கின்றன.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 500 டெனியர் கார்டுரா என்னும் கெட்டியான நைலான் துணி இந்த வேலைக்குப் போதிய உறுதியும் அமைதியும் உடையது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்யும் புதிய துணிகள் எடை குறைந்தவை, நீரும் புகாதவை. ஆனால் குளிரில் கிளை உரசும்போது அவற்றில் சில சரசரக்கின்றன. நெருங்கிப் போய் வேட்டையாடுபவருக்கு அந்த ஓசை ஒரு கணக்குத்தான். வெல்க்ரோவும் அப்படியே; ரைபிளைப் பிடிக்கும் பட்டையில் வெல்க்ரோ இருந்தால், எவ்வளவு சிறந்த அமைப்பானாலும் எனக்கு வேண்டாம்.

நெடுவழி

அனைவருக்கும் நன்றி. என் வேட்டை பெரும்பாலும் திறந்த மேட்டு நிலத்தில்தான். ஆனால் பனிச்சரிவு சொன்னதைப் போல, காலையிலும் மாலையிலும் காட்டுப் பகுதியைக் கடந்தாக வேண்டும். அடுத்த பருவத்திலிருந்து குழல்முனையில் மாட்டும் ஒலிகுறைப்பானான சப்ரசரைப் பொருத்தவும் எண்ணியிருக்கிறேன். அது நீளத்தை இன்னும் 15 முதல் 20 செ.மீ. வரை கூட்டும். அப்போது பக்கவாட்டில் கட்டுவதும் கிண்ணமும் செயல்படுமா? இறைச்சியுடன் திரும்பும்போது ரைபிளை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

பனிச்சரிவு

சப்ரசர் பொருத்தினால் நீளம் மட்டுமன்று, எடையின் மையமும் முன்னே நகர்ந்துவிடும். மேல் பட்டையைச் சற்று உயரத்தில் மாட்டாவிட்டால் ரைபிள் முன்னால் சாயப் பார்க்கும். நடக்கும்போது சப்ரசரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வேட்டை நிலம் வந்ததும் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முழுமையாக முறுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் சோதியுங்கள். குழல் 50 செ.மீ.க்குள் உள்ள ரைபிளாக இருந்தால் இந்தத் தொல்லையே பெரிதாக இராது.

கரடிகள் வாழும் நிலமாக இருந்தால் இன்னொன்று உண்டு. கரடி ஸ்பிரேயைப் பலரும் வைத்துக்கொள்வது இடுப்புப் பட்டையில்தான். கிண்ணம் கேட்கும் இடமும் அதே. ஸ்பிரேயை மறுபக்கத்துக்கோ மார்புப் பட்டைக்கோ மாற்றிவிட்டு, கோலைக் கீழே போட்டு அதை எடுத்துப் பார்த்துப் பழகுங்கள்.

வடகாற்று

இறைச்சியுடன் திரும்பும் நடையில் வேட்டை முடிந்துவிட்டது. தோட்டா அறை, மேகசின் இரண்டையும் காலி செய்து, ரைபிளைச் சட்டகத்துக்கும் பைக்கும் நடுவிலோ, பையின் பின்புறத்தில் செங்குத்தாகவோ வைத்துக் கட்டிவிடுவேன். 40 கிலோ முதுகில் இருக்கும்போது பக்கவாட்டில் நிற்கும் 4 கிலோ, வெறும் நடையில் தந்ததைவிடப் பல மடங்கு தொல்லை தரும். அடி தவறும்போது உடலைச் சுழற்றிவிடுவது அதுதான். பையின் மேல் கொம்புகளைக் கட்டினால், அவற்றின் மேல் ஆரஞ்சு நிறத் துணியைச் சுற்றிவிடுங்கள். பின்னாலிருந்து பார்க்கும் இன்னொரு வேட்டைக்காரருக்குப் புதருக்கு மேல் கொம்பு மட்டும் நகர்வது தெரியக் கூடாது. நீங்கள் அணிந்திருக்கும் ஆரஞ்சு மேலாடையையும் பெரிய பை முழுதாக மறைத்துவிடும் என்பதால், சுமை சிறியதாக இருந்தாலும் பையின் வெளியே அந்த நிறம் இருப்பது நல்லது. வேட்டையில் ஆரஞ்சு நிறம் அணிவது பல நாடுகளிலும் மாநிலங்களிலும் சட்டமும் கூட.

ஆற்றைக் கடக்கும் இடங்களில், தவறி விழுந்தால் பையிலிருந்து விடுபடுவதற்காக இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. கிண்ணத்தில் ரைபிள் நிற்கும்போது அப்படிக் கழற்றினால் கிண்ணம் தொங்கிப்போய் ரைபிள் காலுக்குக் குறுக்கே வரும். ஆறு வருவதற்கு முன்பே அதைப் பையின் பின்னால் மாற்றிக் கட்டிவிடுங்கள்.

தோல்வார்

ஓர் எதிர்க்கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கைகளை விடுவிப்பது நடைக்காகத்தான். விலங்கு இருக்கக்கூடிய இடத்தில் நுழைந்ததும் ரைபிள் இரு கைகளிலும் இருக்க வேண்டும். குழல்முனையின் மேல் முழுக் கட்டுப்பாடும் அப்போதுதான் கிடைக்கிறது, எடுத்துச் சுடுவதும் எந்தத் தாங்கியைவிடவும் விரைவு. நடைக்கோல்கள் கல்லில் தட்டும் ஓசையோடு காட்டுக்குள் நுழைந்துவிட்டு, ரைபிள் எத்தனை நொடியில் வெளிவருகிறது என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் கோல்களை மடக்கிப் பையில் செருகிவிட்டால், கிண்ணத்துக்கான தேவையே பாதி குறைந்துவிடும்.

மார்பின் குறுக்கே ஸ்லிங்கை மாட்டி ரைபிளை முன்னால் தொங்கவிடுவதைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பைனாகுலர் கச்சை அணிபவருக்கு அது ஒத்துவராது. இரண்டும் மோதிக்கொள்ளும், மேட்டில் ஏறும்போது முழங்காலும் ரைபிளில் இடிக்கும்.

பனிச்சரிவு

கையில் ரைபிளுடன் மெதுவாக நுழைவதே சிறந்தது என்பதில் எனக்கும் வேறுபாடு இல்லை, தோல்வார். ஆனால் 20 கிலோ பையுடன் செங்குத்தான காட்டுச்சரிவில் ஏறும்போது கோல் இல்லாமல் கால் நிலைக்காது. நான் கிண்ணத்தை நாடுவது அந்த இடத்துக்காகத்தான். அங்கே இரண்டு கைகளிலும் ரைபிளைப் பிடித்திருப்பவர் வழுக்கினால், எதைப் பிடித்துக்கொள்வார்?

கல்மேடு

நெடுவழி, உங்கள் நிலத்தையும் ரைபிளையும் வைத்துப் பார்த்தால், சுமைத்தட்டு வசதியுடன் 75 லிட்டர் அளவிலான பையும், பக்கவாட்டில் கட்டும் முறையும், காட்டைக் கடக்கும் காலை மாலை வேளைகளுக்குத் தோல்வார் சொன்ன தோள்பட்டைக் கொக்கியும் போதும் என்பது என் முடிவு. பனிச்சரிவு இதை மறுப்பார். கிண்ணத்தைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். சட்டகம் தவறானதாக இருந்தால் அதைத் திருத்த வழியில்லை.

வாங்கிய பிறகு, பையைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். காலியான ரைபிள் என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, பையில் 20 கிலோவை ஏற்றி மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். அமருங்கள், குனியுங்கள், மண்டியிட்டு எழுந்திருங்கள், ஒரு மேசைக்குக் கீழே நுழைந்து வெளியே வாருங்கள். அடிக்கட்டை எங்கே இடிக்கிறது, குழல்முனை எங்கே மாட்டுகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு வேட்டையில் அணியும் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி ரைபிளை விடுவித்துப் பாருங்கள். கையுறையோடு திறக்க முடியாத பக்கிள் இருந்தால், அதன் இழுநாக்கில் ஒரு துண்டுக் கயிற்றை முடிந்துவிடுங்கள். அப்படியும் திறக்கவில்லையென்றால் பக்கிளையே மாற்றிவிடலாம், 25 மி.மீ. பட்டைக்கான பக்கிள்கள் தனியாகவே கிடைக்கின்றன.